ஸ்வேட்டும் மலைநாட்டு ஈரமும்: ஒரு சோடிச் சப்பாத்து, ஒரு ஜாக்கெட், ஒன்பது நாள் வேலை

நுவரெலியா, ஒக்டோபர் கடைசி வாரம். தென்மேல் பருவக்காற்று ஓய்ந்து வடகீழ் தொடங்குவதற்கு இடைப்பட்ட மழை. மத்தியானம் வரை கொஞ்சம் வெளிச்சம், இரண்டு மணிக்கு மேல் மூடுபனியும் தூறலும். அறைக்குள் ஈரப்பதம் 86%, வெப்பம் 17 பாகை. மேலே மென்மயிர் போல நார் எழுந்து நிற்கும் ஸ்வேட் தோலுக்கு இதைவிட மோசமான காலநிலை கிடையாது. வேலைக்குப் பொருள்கள் வந்து சேர்வதும் இந்தக் காலத்தில்தான்.

வந்தவை மூன்று. முதலாவது, கணுக்கால் வரை ஏறும் இளம்பழுப்புச் சப்பாத்து ஒரு சோடி. தேயிலை மலைப் பாதையில் முழுக்க நனைந்து, செம்மண் அப்பி, அட்டைக் கடியின் இரத்தமும் பட்டிருந்தது. இரண்டாவது, பேல் கடையில் வாங்கிய கடும்பழுப்பு ஆட்டுத்தோல் ஜாக்கெட். எட்டு மாதம் றங்குப்பெட்டியில் கிடந்து பூஞ்சணம் பூத்திருந்தது. கழுத்துப்பட்டியில் தலை எண்ணெய்ப் பிசுக்கு, வலது கை முனையில் பால் தேத்தண்ணீர்க் கறை. மூன்றாவது, ஒரு சின்னக் கைப்பை. ஸ்வேட் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

கைப்பையின் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. உள்தையல் ஓரத்தில் வெட்டுவாயைப் பார்த்தால் போதும். உண்மைத் தோலில் மேலிருந்து அடிவரை பின்னிக்கிடக்கும் நார்தான் தெரியும். இதில் மேலே மெல்லிய மயிர்ப்படலம், அடியில் பின்னல் துணி. ஓரத்து நார் ஒன்றைக் கிள்ளித் தீக்குச்சியில் காட்டினால் தோல் கருகி முடி எரிந்த நாற்றம் அடிக்கும். இது உருகி, கறுத்த மணியாகத் திரண்டது. பொலியெஸ்டர். இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துக் கழுவி, நிழலில் தொங்கவிட்டதோடு சரி. இதே கழுவலை உண்மை ஸ்வேட்டுக்குச் செய்தால் பொருள் பாழ், அதனால் இந்தச் சோதனையை ஒருபோதும் தாண்டிப் போகக் கூடாது.

ஸ்வேட் என்பது தோலின் உட்புறம், சதையை ஒட்டியிருந்த பக்கம். பெயர் வந்தது சுவீடனுக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து. அங்கிருந்து வந்த கையுறைகளை அப்படி அழைத்தார்கள். சாதாரணத் தோலில் மேல்புறம் இறுக்கமாக மூடியிருக்கும், தண்ணீர் சற்று நேரமாவது மேலே நிற்கும். ஸ்வேட்டில் அந்த மூடி இல்லை. நார்கள் வாய் திறந்து நிற்கின்றன. தண்ணீர், எண்ணெய், சாயம், பூஞ்சண வித்து எல்லாம் நேரே உள்ளே போகும். நூபக் என்று விற்பது மேல்புறத்தைத் தேய்த்து எடுத்த தோல். நார் இன்னும் குட்டை, மயிர்க்கால் துளைகள் தெரியும், பித்தளைக் கம்பி பிரஷ் அதற்கு ஆகாது.

மேசையில் எடுத்து வைத்தவை: மென்மையான பல் பிரஷ் இரண்டு, பித்தளைக் கம்பியும் நைலோனும் கலந்த ஸ்வேட் பிரஷ் ஒன்று, வெள்ளை அழிறப்பர், 400 இலக்க மண்தாள் உள்ளங்கை அளவு, கோன்ஃபிளவர் 6 மேசைக்கரண்டி, நிறமில்லாத வினாகிரி, மருந்துக்கடை ஸ்பிரிட், 3% ஹைட்ரஜன் பெரொக்சைட், கொதித்தாறிய நீர், வெள்ளைப் பருத்தித் துணி, அச்சடிக்காத வெள்ளைத் தாள், சமையலறைத் தராசு.

இவற்றில் சிலவற்றைப் பற்றி எச்சரிக்கை தேவை. அழிறப்பர் வெள்ளையாகவே இருக்கட்டும், சிவப்பும் நீலமும் தம் நிறத்தை நாரில் விட்டுப்போகும். ஸ்வேட் பிரஷ் அகப்படாவிட்டால் சப்பாத்துத் தைப்பவரிடம் கிறேப் றப்பர் அடித்துண்டு கேளுங்கள். வெட்டிய ஓரத்தின் ஒட்டும் தன்மை நாரில் இருக்கும் தூசியை இழுத்தெடுக்கும். கடைப் பிரஷைவிட அது நன்றாகவே வேலை செய்கிறது. உருக்குக் கம்பிப் பஞ்சு மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் துகள்கள் நாரில் தங்கும். பிறகு தேத்தண்ணீர் பட்டால் அதிலுள்ள தானின் என்ற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து கருமை பிடிக்கும், அது போகாது. தென்னை வினாகிரி சமையலுக்கு நல்லது, ஆனால் கலங்கல், தன் கறையைத் தானே வைக்கும். ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். கண்ணாடியில் ஒரு துளி விட்டு ஆவியாக விடுங்கள், பசை மிஞ்சினால் அந்தப் போத்தல் இந்த வேலைக்கு இல்லை.

முதல் நாள், சப்பாத்து. நாடாவைக் கழற்றி, நாக்கை முன்னால் இழுத்து, உள்தட்டையை வெளியே எடுத்தாயிற்று. செம்மண்ணைத் தொடவே இல்லை. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இரும்புச் சத்துள்ள அந்த நுண்மண் நாரின் அடிக்கே போய்ப் படியும். காய்ந்தால் பொடியாக உதிரும். இதுதான் அநேகர் பொறுக்க முடியாமல் பிழை விடும் இடம்.

வெள்ளைத் தாளைக் கசக்கி முனை வரை திணித்தோம். செய்தித்தாள் ஆகாது, ஈரத்தில் மை இறங்கி உள்துணியில் ஏறி, அங்கிருந்து இளநிறத் தோலுக்கும் வரும். முதல் நாள் மூன்று மணிக்கொரு முறை தாள் மாற்றம், பிறகு காலை மாலை. தரையிலிருந்து உயர்த்தி, அடியிலும் காற்றுப் போக இரண்டு மரச்சட்டத்தின் மேல் வைத்து, ஒன்றரை மீற்றர் தள்ளி மேசை விசிறியைப் பக்கவாட்டில் மெதுவாக ஓடவிட்டோம். மலைநாட்டு வீடுகளில் விசிறி இருப்பது குறைவு. இல்லையென்றால் காற்று ஓடும் வாசற்படி ஓரம், வெயில் நேராகப் படாத பக்கம்.

அடுப்படி வேண்டாம். லயத்து வீடோ பங்களாவோ, நனைந்த சப்பாத்தை அடுப்போரம் வைப்பது இங்கே பழக்கம். இந்தச் சோடியின் இடது சப்பாத்து நம்மிடம் வருமுன்னே ஒரு மணி நேரம் அங்கே இருந்திருக்கிறது, முனையில் அது எழுதியே இருந்தது. கையால் அழுத்தினால் மட்டை போல விறைப்பு, நிறம் கறுப்பு, வலதோடு ஒப்பிட்டால் 3 மில்லிமீற்றர் சுருக்கம். ஏன் இப்படி? ஈரத்தில் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். மெல்லக் காய்ந்தால் அவை விலக நேரம் கிடைக்கும், சூட்டில் சடுதியாகக் காய்ந்தால் ஒட்டியபடியே இறுகிவிடும். தோலை இளக்கமாக வைத்திருக்கும் கொழுப்பும் இடம் மாறும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் நனைந்த நிலையில் ஏறத்தாழ 100 பாகை வரை சுருங்காமல் தாங்கும். மரப்பட்டையில் பதனிட்டது 75–85 பாகையிலேயே சுருங்கத் தொடங்கும். எந்தத் தோல் எதில் பதனிட்டது என்று சப்பாத்தில் எழுதியிருப்பதில்லை. போதாக்குறைக்கு அடிப்பாகத்தின் ஒட்டுப்பசை இளகி வாய் பிளக்கும், புகை நாற்றம் உள்துணியில் ஏறும்.

கேத்தல் ஆவியில் காட்டி நாரை எழுப்புகிற வழக்கமும் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், இங்கே தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதிக்கிறது என்பதால் ஆவி சாது என்று நினைக்க வேண்டாம், மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். தட்டையாக அமுங்கிய சிறு இடத்துக்கு, 20 சென்ரிமீற்றர் தள்ளி, மூன்று விநாடி, உடனே பிரஷ். அதற்கு மேல் ஒரு விநாடியும் கூடாது.

காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. குளிரில் எல்லாமே ஈரமாகத்தான் படும். இங்கேதான் தராசு. வலது சப்பாத்தின் எடை முதல் நாள் மாலை 548 கிராம், இரண்டாம் நாள் 512, மூன்றாம் நாள் 491, நான்காம் நாள் 483, ஐந்தாம் நாள் காலை 482. பன்னிரண்டு மணி நேரத்தில் 2 கிராமுக்குக் குறைவாக இறங்கினால் இந்த வீட்டுக் காற்றில் அதற்கு மேல் காயாது என்று பொருள். நான்கு நாள் நீண்டதாகத் தோன்றலாம். கொழும்பில் இது இரண்டு நாள் வேலையாக முடியலாம், இங்கே முடியாது.

சப்பாத்து காய்கிற இடைவெளியில் ஜாக்கெட்.

முதலில் சாயச் சோதனை. வெள்ளைத் துணியைக் கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்து, உள்மடிப்பில் பத்துத் தடவை தேய்த்தோம். லேசாகப் பழுப்பு இறங்கியது. ஸ்பிரிட் தோய்த்த துணியில் அதைவிட அதிகம். ஆகவே இந்த ஜாக்கெட்டில் ஈர வேலை கூடியவரை குறைய, உலர் வேலைதான் முழுக்க. இந்தச் சோதனையைச் செய்யாமல் இறங்கியிருந்தால் பூஞ்சணப் புள்ளி ஒவ்வொன்றும் வெளிறிய வட்டமாக மாறியிருக்கும்.

வெண்பூச்செல்லாம் பூஞ்சணமும் அல்ல. தோலுக்குள் இருக்கும் கொழுப்புக் குளிரில் வெளியேறி மேலே வெள்ளையாகப் படிவதும் உண்டு. கரண்டியை வெந்நீரில் வைத்துத் துடைத்து, அதன் முதுகை வெண்படலத்துக்கு மேல் பிடித்தால் கொழுப்பு உருகி மறையும், பூஞ்சணம் அப்படியே நிற்கும். இங்கே நின்றது. நாற்றமும் சொல்லியது.

வீட்டுக்குள் உதறக் கூடாது. வித்துக்கள் அலுமாரிக்கும் கம்பளிக்கும் போகும். முகக்கவசம் போட்டு, முற்றத்தில் மழை விட்ட நேரத்தில், மென்மையான பல் பிரஷால் ஒரே திசையில், மேலிருந்து கீழ் தள்ளினோம். முன்னும் பின்னும் தேய்த்தால் வித்தை நாருக்குள் ஊட்டிவிடுவோம். பிரஷை அடிக்கடி தனிக் காகிதத்தில் தட்டி, வேலை முடிய ஸ்பிரிட்டில் ஊற வைத்தாயிற்று. அடுத்து 7 பங்கு ஸ்பிரிட், 3 பங்கு நீர். துணியில் தோய்த்து, தண்ணீர் வராத அளவுக்குப் பிழிந்து, சாயம் இறங்குகிற தோல் என்பதால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தோம். அடுப்பும் விளக்கும் எரிகிற அறையில் இதைச் செய்யக் கூடாது. உள்துணிக்கும் பைகளின் உட்புறத்துக்கும் இதே மருந்து. மறந்துவிட்டால் ஒரு மாதத்தில் அங்கிருந்தே திரும்ப வரும். கறுப்புப் புள்ளிகள் நான்கு மிஞ்சின. அவை பூஞ்சணத்தின் நிறமே நாரில் ஊறியது, வீட்டில் எடுக்க வழியில்லை.

கழுத்துப் பிசுக்குக்குக் கோன்ஃபிளவர். ஆனால் இந்த ஊர்க் காற்றில் பைக்கற்றைத் திறந்த மறுநாளே மா ஈரம் குடித்துக் கட்டி தட்டும், அப்படிப்பட்ட மா எண்ணெயை உறிஞ்சாது. வெறும் சட்டியில் இளந்தீயில் நிறம் மாறாமல் நான்கைந்து நிமிடம் வறுத்து, முழுக்க ஆறவிட்டு, 2 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தூவி, மேலே வெள்ளைத் தாள், அதன் மேல் ஒரு கனமான புத்தகம். இரவு முழுக்க, 12 மணி நேரம். காலையில் தட்டிவிட்டுப் பார்த்தால் மா மஞ்சளித்திருந்தது. அதுதான் வேலை நடந்த அடையாளம். மூன்று இரவு புது மா. மூன்றாவது இரவில் மா வெள்ளையாகவே இருந்தது, அங்கே நிறுத்தினோம். கடும்பழுப்பில் வெள்ளை மா நாரின் அடியில் சிக்கிச் சாம்பல் பூத்த மாதிரித் தெரியும். கிறேப் றப்பர் துண்டால் இழுத்தால் வந்துவிடும். பிசுக்குப் போன பிறகும் நார் பளபளவென்று படுத்தே கிடந்தது. அதற்கு மண்தாள், எடை கொடுக்காமல், விரல் பாரத்தில் ஐந்தாறு இழுப்பு.

தேத்தண்ணீர்க் கறையைத் தனியாகப் பேச வேண்டும். ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்டது நம் பக்கத்துப் பழைய தொழில். அந்தப் பட்டையில் வேலை செய்கிற தானின் இனம்தான் தேயிலைச் சாயத்திலும் இருக்கிறது. ஆக, தோல் தேத்தண்ணீரைக் கறையாகப் பார்ப்பதில்லை, பதனிடும் சரக்காகவே பிடித்துக்கொள்கிறது. முதல் இரண்டு நிமிடத்தில் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்ததுதான் இலாபம். காய்ந்து எட்டு மாதமானது முழுக்க வராது என்று தெரிந்தே தொடங்கினோம். பாலின் கொழுப்பு மேலே இருப்பதால் முதலில் ஒரு இரவு கோன்ஃபிளவர். பிறகு வினாகிரி 20 மில்லிலீற்றர், நீர் 40 மில்லிலீற்றர். துணி நுனியில் தொட்டு, கறையின் வெளி ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றல், ஒவ்வொரு ஒற்றலுக்கும் துணியின் புதுப்பக்கம். நான்கு சுற்று. முக்கால்வாசி மங்கியது. ஐந்தாவது சுற்றில் துணியில் கறை வராமல் ஜாக்கெட்டின் சாயமே வரத் தொடங்கியதால் கையை எடுத்துவிட்டோம்.

அப்பச்சோடா பலரும் சொல்லும் கைமருந்து. தேத்தண்ணீருக்கு அது நேர் எதிரி. காரம் பட்டால் சாயம் இன்னும் கறுக்கும். பிளேன்டீயில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தாலே தெரியும். தோலே சற்று அமிலத் தன்மையுள்ளது. சோடா, சலவைத்தூள், உடுப்புச் சவர்க்காரம் எல்லாம் காரம், பதனைக் கெடுக்கும். சோடாவுக்கு இங்கே ஒரே வேலை, நாற்றம். ஒரு சாஸரில் மூன்று மேசைக்கரண்டி போட்டு, ஜாக்கெட்டோடு மூடிய பெட்டியில், தோலில் படாமல், இரண்டு நாள்.

ஐந்தாம் நாள் சப்பாத்துக்குத் திரும்பினோம். காய்ந்த மண் நைலோன் பிரஷில் பொடியாகக் கொட்டியது. தையல் இடுக்குகளுக்குப் பல் பிரஷ். பிறகு அழிறப்பர், அடுத்துப் பித்தளைக் கம்பி, அதுவும் முனையிலும் குதியிலும் மட்டும்.

அட்டைக் கடி இரத்தம் வேறு வகை. அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால், சாதாரணக் காயத்து இரத்தம் போல ஒரு புள்ளியில் நிற்காமல் நெடுநேரம் கசிந்து பரவும். நாக்கின் மேல் ஓரத்திலிருந்து ஏழு சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது. குளிர்ந்த நீர் மட்டும், சூடு பட்டால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். காய்ந்த மேல்தட்டைப் பிரஷால் உதிர்த்து, குளிர்நீர்த் துணியால் ஒற்றி, மிச்சத்துக்குப் பெரொக்சைட் பஞ்சுக்குச்சியில் ஒரு துளி. நுரைக்கும், 30 விநாடியில் ஒற்றி எடுத்து, வெறும் நீரால் மறுபடி ஒற்ற வேண்டும். விட்டால் தோலின் நிறத்தையும் தின்னும். நாக்கு நாடாவுக்கு அடியில் மறையும் இடம் என்பதால்தான் துணிந்தோம், வெளிப்பக்கமாக இருந்தால் குளிர்நீரோடு நிறுத்தியிருப்போம்.

அட்டைக்குப் பயந்து சப்பாத்தில் உப்பு, சவர்க்காரம், தைலம் பூசுகிறவர்கள் உண்டு. ஸ்வேட்டில் பூசாதீர்கள், மேசுக்கு (காலுறைக்கு) பூசுங்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காயும்போதெல்லாம் வெள்ளைக் கோடு விடும். இந்தச் சோடியிலும் அந்தக் கோடு இருந்தது, கூடவே தண்ணீர் ஏறி நின்ற அலைக்கோடும். தண்ணீர் உப்பையும் அழுக்கையும் சாயத்தையும் சுமந்துகொண்டு ஈரத்தின் விளிம்பு வரை போய், அங்கே காய்ந்து இறக்கிவைக்கும், கோடு அதுதான். கோட்டை மட்டும் தேய்த்தால் பக்கத்தில் இன்னொரு கோடு வரும். பரிகாரம் கேட்கப் பயமாக இருக்கும்: அந்தத் துண்டு முழுவதையும், தையலிலிருந்து தையல் வரை, மறுபடி சீராக நனைக்க வேண்டும். மேலே சொன்ன வினாகிரி நீரை ஸ்பொஞ்சில் எடுத்து நன்கு பிழிந்து ஒரே அளவில் தடவி, துவாயால் ஒற்றி, பழையபடி தாள் திணித்து நிழலில். இந்தத் தடவை நனைவு குறைவு என்பதால் எட்டாம் நாள் காலை எடை 481க்கு வந்துவிட்டது. கோடுகள் போயின. சாயம் இறங்குகிற தோலுக்கு இந்த வழி கிடையாது. ஜாக்கெட்டுக்கு இதைச் செய்திருக்க மாட்டோம்.

இடது முனை? மண்தாளால் மேல்தட்டைத் திறந்து, இரண்டு கட்டைவிரலாலும் முன்பின் வளைத்து இளக்கி, பித்தளைப் பிரஷ் அடித்தோம். விறைப்புப் பாதி குறைந்தது, கறுமை கொஞ்சம் தணிந்தது. 3 மில்லிமீற்றர் திரும்பி வரவில்லை. எண்ணெய் தடவினால் இளகும் என்று சிலர் சொல்வார்கள். இளகும், கூடவே கறுத்து நாரும் படுத்துவிடும். சப்பாத்துப் பொலிஷும் அப்படித்தான்.

ஒன்பதாம் நாள், ஸ்வேட்டுக்கான நீர்காப்பு ஸ்பிரே. திறந்த வெளியில், 20–25 சென்ரிமீற்றர் தள்ளி, மெல்லிய பூச்சு இரண்டு, இடையில் 30 நிமிடம். ஒரே தடித்த பூச்சாக அடித்தால் திட்டுத் திட்டாகக் கறுக்கும். முற்றாகக் காயாத தோலில் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டுவதாகும். காய்ந்ததும் ஒரு துளி நீர் விட்டுப் பார்த்தோம், மணியாக உருண்டது. தூறலுக்கு இது போதும், ஐப்பசி மழைக்குப் போதாது.

வைக்கும் இடம். பொலித்தீன் பை கூடாது. பழைய தலையணை உறை நல்லது. ஜாக்கெட் அகலத் தோள் உள்ள ஹாங்கரில், சுவரிலிருந்து ஐந்து சென்ரிமீற்றராவது தள்ளி, ஏனென்றால் இங்கே குளிர்ச்சுவர் வியர்க்கும். பூச்சி உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு அதை நம்ப வேண்டாம். றங்குப்பெட்டிதான் இருக்கிறதென்றால் உள்ளே துருவைச் சுரண்டித் துணி விரித்து, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 100 கிராம் துணிப்பையில் போட்டு வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லைச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் பழைய நிறம் வரும், மறுபடி பாவிக்கலாம். மே முதல் செப்டெம்பர் வரையும், ஒக்டோபர் முதல் ஜனவரி வரையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வெயில் எட்டிப்பார்க்கும் காலையில் நிழலில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, பைகளுக்குள்ளும் கையை விட்டுப் பாருங்கள். பூஞ்சணம் முதலில் தொடங்குவது அங்கேதான்.